எருக்கைத் தேடிப்போன மூஞ்சூறு

குளக்கரைப் பிள்ளையார் கோயிலில் ஒரு மூஞ்சூறு இருந்தது. அதற்குக் கண் மங்கல், வாய் நீளம். "நான் யார் தெரியுமா? பிள்ளையாருக்கே வாகனம்!" என்று எறும்பு முதல் எருமை வரை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தது.

"உன் முதுகுல இதுவரைக்கும் யாராவது ஏறியிருக்காங்களா?" என்று எருமை மட்டும் ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகு மூஞ்சூறு எருமை பக்கமே போவதில்லை.

ஒரு மத்தியானம் வெந்தய நிறப் பட்டாம்பூச்சி ஒன்று தள்ளாடிப் பறந்து வந்தது. அதன் சிறகோரம் கிழிந்திருந்தது.

"அண்ணே, இங்கே எருக்கஞ்செடி எங்கே இருக்கு? பொழுது சாயறதுக்குள்ளே முட்டையிடணும். என் பிள்ளைங்க எருக்கிலையைத்தான் தின்னும். அந்தக் கசப்புப் பால் உடம்புல ஊறினாத்தான் குருவி கொத்தாது. வேற செடியில விட்டா பட்டினியில செத்துடும்!"

மூஞ்சூறுக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் முந்திக்கொண்டது.

"என்கிட்டயா கேக்கறே? வருஷா வருஷம் சதுர்த்திக்கு எங்க சாமி கழுத்துல எருக்கம்பூ மாலைதான்! வா தங்கச்சி, என் பின்னாலே!"

உண்மையில் அது மாலையைத்தான் பார்த்திருந்தது, செடியைப் பார்த்ததில்லை. அந்த மாலையையும் கொழுக்கட்டை தின்கிற அவசரத்தில் ஓரக்கண்ணால்தான் பார்த்தது. எருக்கை ஒடித்தால் பால் வடியும் என்று யாரோ சொன்னது மட்டும் நினைவில் இருந்தது.

வேலியோரம் ஒரு கள்ளி நின்றது. மூஞ்சூறு அதை நறுக்கென்று கடித்தது. பால் வழிந்தது.

"பார்த்தியா, பால்! இதுதான் எருக்கு!"

நாக்கு தீயாக எரிந்தது. வாகனம் அழலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது.

பட்டாம்பூச்சி கள்ளிமேல் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்த்தது. "இல்லேண்ணே. நாங்க காலாலதான் ருசி பாப்போம். இது எருக்கு இல்லே."

அடுத்து மூஞ்சூறு ஓர் ஆலங்கன்றைக் கடித்தது. அதிலும் பால் வந்தது. "இது நிச்சயம் எருக்கு!"

"பால் வந்தா எருக்காயிடுமா அண்ணே? பசு கூடத்தான் பால் கொடுக்குது!"

அப்படியே குளத்தைச் சுற்றி எதிர்க்கரைக்கு வந்துவிட்டார்கள். பட்டாம்பூச்சி தரையில் விழுந்தது. சிறகு எழவில்லை.

"அண்ணே, நெசமாச் சொல்லு. உனக்கு எருக்கு தெரியுமா?"

"தெரியும்" என்ற சொல் வீங்கிய நாக்கின் நுனிவரை வந்தது. கிழிந்த சிறகைப் பார்த்ததும் மூஞ்சூறுக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியாது தங்கச்சி! சத்தியமாத் தெரியாது! வாடின மாலையைக் கோயிலுக்குப் பின்னாடி குப்பைமேட்டுல போடுவாங்க. அது மட்டும்தான் தெரியும். அங்கே போய்ப் பார்க்கலாம். நீ என் முதுகுல ஏறிக்கோ!"

பட்டாம்பூச்சியைச் சுமந்துகொண்டு மூஞ்சூறு ஓடியது. வழியில் எருமை தலையைத் தூக்கியது. "அட! வாகனத்துல ஆள் ஏறியாச்சே!"

குப்பைமேட்டில் சாம்பல் பூசிய பருத்த இலைகளோடு ஒரு செடி நின்றது. தினமும் மூஞ்சூறு முதுகு சொறிந்துகொள்ளும் செடிதான். பட்டாம்பூச்சி அதில் ஏறி ஓர் இலையைத் தட்டியது.

"அண்ணே, இதுதான் எருக்கு!"

"இதுவா? இது குப்பைச்செடியாச்சே!" என்று மூஞ்சூறு அண்ணாந்து பார்த்தது. ஊதா இதழ்களின் நடுவே குட்டிக் கிரீடத்தோடு கொத்துக் கொத்தாகப் பூக்கள். சாமி கழுத்தில் பார்த்த அதே பூ!

பட்டாம்பூச்சி இலைக்கடியில் ஒவ்வொன்றாக முட்டையிட்டது. மூஞ்சூறு தன் தலையில் தானே குட்டிக்கொண்டது. "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சேனே!"

சில நாளில் வரிவரியாகப் புழுக்கள் எருக்கிலையை மொய்த்துத் தின்றன. ஒரு குருவியும் கிட்டே வரவில்லை. இப்போதும் யாராவது, "நீதானே பிள்ளையார் வாகனம்?" என்று கேட்டால், "ஆமாம், வழி தெரியாத வாகனம்!" என்று மூஞ்சூறு சொல்லிச் சிரிக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால்தான் தெரிந்துகொள்ள வழி பிறக்கும்.