பன்னிரண்டு காந்தள் கிழங்கும் ஒரு பாசக்கார ராஜாவும்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஆலங்கரை என்றொரு சின்ன நாடு இருந்த காலத்தில், அந்த நாட்டைக் கோவேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை போகப் போக உங்களுக்கு அவன்மேல் எரிச்சல் வரும். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நல்லவனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

அவனுக்குப் பாசம் அதிகம். யானை தும்மினால் கஷாயம் காய்ச்சுவான். கிளி பேசாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அவனே பேசுவான். எதையும் சும்மா விட்டுவைக்க அந்தக் கைகளுக்குத் தெரியாது.

அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் காத்தாயி. மலையில் பிறந்து வாக்கப்பட்டுக் கீழே வந்தவள். பேச்சு கொஞ்சம், வேலை அதிகம்.

அந்த நாட்டில் மூன்று வருஷம் மழை பொய்த்தது. மலைச் சரிவில் படர்ந்து கிடந்த செங்காந்தள் கொடியெல்லாம் காய்ந்தது. மருந்துக்கென்று ஆட்கள் கிழங்கைத் தோண்டிக்கொண்டு போனதில் மிச்சமும் போயிற்று. தேடித் தேடிப் பார்த்ததில் கிடைத்தவை பன்னிரண்டே கிழங்குகள். மலைக்காரர்கள் அவற்றை ஒரு கூடை மணலில் புதைத்துத் தூக்கிவந்து காத்தாயியிடம் கொடுத்தார்கள்.

"தாயி, இது போச்சுன்னா நம்ம மலையில காந்தளே கிடையாது. உன்னை நம்பித்தான் தாரோம்" என்றார்கள்.

"போகாது. நான் இருக்கேன்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கில் தப்பில்லை. காந்தள் நோஞ்சான் செடியா என்ன? வெயிலைத் தாங்கும், பாறை இடுக்கில் பிழைக்கும். கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்த அந்தக் கிழங்கு முழுக்க விஷம் என்பதால் எலியும் பெருச்சாளியும் கிட்டே வராது. அவள் பயப்பட வேண்டியிருந்தது ராஜாவுக்கு மட்டும்தான்.

தை மாதம் தோட்டத்துப் பாத்தியில் நட்டாள். கோடை முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். ஆடி மழைக்குத் தானாக விழிக்கும். அதுவரை தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், யாரும் தொடவும் வேண்டாம். ராஜாவிடம் போய் இதைப் பொறுமையாகச் சொன்னாள்.

"புரியுது காத்தாயி, புரியுது" என்றான் ராஜா.

பங்குனி வந்தது. வெயிலில் பாத்தி வெடித்துக் கிடந்ததை ராஜா பார்த்தான். ஐயோ, தாகத்தில் தவிக்கிறதே என்று மனம் பதறிவிட்டது. நாற்பது குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னான். காத்தாயி சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது பாத்தியில் வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். முழங்காலளவு சேற்றில் நின்று, துழாவித் துழாவிக் கிழங்குகளை எடுத்தாள். அதற்குள் மூன்று கிழங்குகள் கையோடு கூழாக வந்தன. மீதி ஒன்பதை நிழலில் உலர்த்தித் திரும்ப நட்டாள்.

"தூங்குற கிழங்குக்குத் தண்ணி ஊத்தினா அழுகிடும், மகாராசா. சொன்னேனே!"

"புரியுது காத்தாயி, புரியுது."

சித்திரை வந்தது. இப்போது ராஜாவுக்கு வேறொரு கவலை. உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா? தெரியாமல் எப்படிச் சாப்பாடு இறங்கும்? மூன்று கிழங்குகளைத் தன் கையாலேயே தோண்டி எடுத்தான். இரண்டு முனையிலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். "உயிர் இருக்கு காத்தாயி, உயிர் இருக்கு!" என்று கூவிக்கொண்டே அவளிடம் ஓடிவந்தான்.

அவள் அந்த மூன்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முனையில்தான் முளை. முனை போனால் கிழங்கு இருந்தும் இல்லாத கணக்குத்தான். வாயைத் திறந்தால் ராஜா என்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று, போய் வேலியோரம் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள்.

"புரியுது காத்தாயி, புரியுது" என்றான். உண்மையாகவே கண் கலங்கியிருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

வைகாசி வந்தது. ஒன்பதில் மூன்று போய் ஆறுதான் மிச்சம். தான் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடினான் ராஜா. முருகனுக்கு உகந்த பூ அல்லவா, முருகனுக்குச் செய்வதையே செய்வோம் என்று பாத்திக்குப் பாலபிஷேகம் செய்தான். பால் முடிந்து தேன். தேன் முடிந்து பஞ்சாமிர்தம். நாதஸ்வரம்கூட வைத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரண்டே நாளில் பால் புளித்து நாறியது. எறும்புப் படை வந்தது. மண்ணில் பூசணம் வெள்ளையாகப் பூத்தது. காத்தாயி தோண்டிப் பார்த்தபோது மூன்று கிழங்குகள் கறுத்துப் போயிருந்தன.

அன்றைக்கு அவள் தலையில் அடித்துக்கொண்டு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு கொடுத்தார்கள். மூன்று இருக்கிறது. ஆடிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மலைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ராஜா பக்கத்தில் வந்து குனிந்தான். "காத்தாயி, வேணும்னா சந்தனம் கரைச்சு ஊத்திப் பாக்கலாமா?"

அந்தக் கணத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்த மனுஷனிடம் செய்யாதீர்கள் என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் ராஜா மதியச் சாப்பாடு முடித்துக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மூன்று கிழங்குகளையும் எடுத்தாள். தோட்டத்தின் பின்பக்கம், மாட்டுக்கொட்டிலுக்கு அப்பால், யாரும் போகாத முள்வேலி ஒன்று இருந்தது. அதன் அடியில் மேடான மணலில் அவற்றைப் புதைத்தாள். ஆற்றிலிருந்து கிழங்களவு கூழாங்கற்கள் மூன்றைப் பொறுக்கி வந்து, பாத்தியில் வைத்து மண்ணை மூடினாள்.

"மகாராசா, இனிமே இந்தப் பாத்தி உங்க பொறுப்பு. உங்க மனசு போல பாத்துக்கோங்க" என்றாள்.

அவ்வளவுதான்! காலையில் தண்ணீர், மதியம் குடை, மாலையில் பால் என்று ராஜா கண்ணும் கருத்துமாகக் கவனித்தான். காத்தாயி தினமும் அந்தப் பக்கம் போவாள், பார்ப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு நகர்வாள். ராஜாவை ஏமாற்றிய குற்றத்துக்கு என்ன தண்டனை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆடியில் மழை பெய்தது. வேலியடியில் மூன்று முளைகள் மண்ணைப் பிளந்தன. இப்போதுதான் காத்தாயிக்கு வேலை. களை பிடுங்கினாள். கொடி பிடித்து ஏறக் குச்சி நட்டாள். தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினாள். காந்தளின் இலைநுனி சுருண்டு வேலியைப் பற்றிக்கொண்டு ஏறியது.

ராஜாவின் பாத்தியிலும் ஒன்று முளைத்தது. என்ன என்று நினைக்கிறீர்கள்? குப்பைமேனி! எந்தக் குப்பைமேட்டிலும் கேட்காமல் முளைக்கும் அதே குப்பைமேனிதான். ராஜாவுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. அமைச்சரைக் கூப்பிட்டுக் காட்டினான். அமைச்சர் வீட்டுக் கொல்லையிலேயே அது புதராகக் கிடந்தது. இருந்தாலும், "ஆகா, என்ன களை, என்ன களை!" என்றார். சேனாபதி வந்தார், அவரும் "ஆகா" என்றார். புரோகிதர் பூத் தூவினார். உண்மையைச் சொல்ல ஒருவருக்காவது வாய் இருந்ததா? குப்பைமேனி என்றாலே மயங்கும் அரண்மனைப் பூனை ஒன்றுதான் அதில் உண்மையான சந்தோஷத்தோடு புரண்டது.

கார்த்திகை பிறந்தது. இடுப்பளவு வளர்ந்த குப்பைமேனியில் காந்தள் பூக்கவில்லை. ராஜா வாடிப்போய்க் காத்தாயியைக் கூப்பிட்டான்.

"நான் என்ன குறை வச்சேன் காத்தாயி? ஏன் பூக்க மாட்டேங்குது?"

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. "வாங்க மகாராசா" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அமைச்சரும் சேனாபதியும் பின்னால் ஓடினார்கள்.

முள்வேலியே தெரியவில்லை. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, இதழ்கள் மேல்நோக்கி நெளிந்து, நூற்றுக்கு மேல் பூக்கள் நின்றன. ராஜா திரும்பித் தன் பாத்தி இருந்த திசையைப் பார்த்தான்.

"அப்ப என் பாத்தியில இருக்கிறது?"

"மூணு கூழாங்கல்லு. மேல முளைச்சது குப்பைமேனி."

சேனாபதி வாளில் கை வைத்தார். ராஜா அவரைக் கையமர்த்திவிட்டுத் தளர்ந்த குரலில் கேட்டான்: "ஆறு மாசமா நான் கல்லுக்கா பால் ஊத்தினேன்?"

"ஆமா மகாராசா" என்றாள் காத்தாயி. பயத்தை மீறி, தேக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "அதே தண்ணி, அதே பால், அதே பாசம்தான். கல்லா இருந்ததால தாங்கிச்சு. உயிரா இருந்த ஒன்பதும் செத்துப்போச்சே!"

"புரியுது" என்று சொல்ல ராஜா வாயைத் திறந்தான். சொல்லவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம், கொடியிலிருந்து நாலடி தள்ளி, தரையில் உட்கார்ந்தான். ஒரு பூ கைக்கெட்டும் தூரத்தில் காற்றில் ஆடியது. தொடப் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பொழுது சாயும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். காத்தாயி அவனைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

அந்தக் கொடிகளின் கிழங்குகளும் விதைகளும் பிறகு மலைக்குத் திரும்பின. இன்றைக்கும் அங்கே கார்த்திகையில் சரிவெல்லாம் சிவக்கிறதாம்.

ஆகையால் கேட்டவர்களே, ஓர் உயிரை வளர்க்கிறவர், அதற்கு வேண்டாத நேரத்தில் கை வைக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.