நாலு ஸ்பானியச் சொல்லும் ஒரு மீசையும்

மேலமந்தத்து எல்லையில் 'மேலமந்தம் 2' என்று ஒரு மைல்கல் நிற்கிறது. அப்படியானால் முதல் மேலமந்தம் எங்கே என்று அந்த ஊர்க்காரர்கள் முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி நல்ல மனிதர்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு குறையும் கிடையாது.

ஊர் முழுக்க முருங்கை. இலையைக் காயவைத்துப் பொடித்து, ஸ்பெயின் நாட்டில் மார்த்தா என்கிற அம்மாவுக்கு அனுப்புவார்கள். அதற்கென்று ஒரு சங்கம், சங்கத்துக்குக் கொம்பையா தலைவர். தலைவரிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது மீசை ஒன்றுதான். வாரத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டு, பிள்ளையைப் போல வளர்த்திருந்தார்.

ஒருநாள் மார்த்தா அம்மா எழுதியிருந்தார்: "வருகிற வருஷம் உங்கள் இலை என்ன ஆகும்? எங்கள் மொழியில் ஒரே சொல்லில் பதில் வேண்டும். திருப்தியாக இருந்தால் ஆர்டர் உங்களுக்கு. இல்லையென்றால் பக்கத்திலுள்ள கீழமந்தத்துக்கு."

கொம்பையா எழுந்து நின்றார். "ஆர்டர் மட்டும் கீழமந்தத்துக்குப் போச்சுன்னா, இந்த மீசைய எடுத்துருதேன்!"

கூட்டம் கைதட்டியது. தட்டி ஓய்ந்த பிறகுதான் அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சென்னை ஏஜெண்ட் ஜோதிராஜ், ஒன்று அதிகமாவதைச் சொல்ல ஸ்பானிய மொழியில் இருக்கிற நாலு சொற்களை எழுதி, எதிரே தமிழும் எழுதி அனுப்பினார். கிரெஸேர்: வளர். சுபீர்: ஏறு. அவுமென்தார்: கூடு. இங்கிரெமெந்தார்: பெருக்கு. "நாலும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் இடம் வேற. நல்லாப் பாத்து எழுதுங்க" என்று போனிலும் சொன்னார்.

செயலாளர் மாடக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்னவே இது, மரியாதையில்லாம? வளர், ஏறு, கூடு, பெருக்குன்னு நம்மள வேலை ஏவுதாரு!"

"ஏவட்டும்வே. செஞ்சு பாத்தாத்தான எது சரின்னு தெரியும்" என்றார் தவசிக்கனி. சங்கத்துக்கு மூளை இவர்தான் என்று ஊரில் பேச்சு.

முதலில் கிரெஸேர். தலைவரையும் சேர்த்து மூவரும் வாய்க்கால் கரையில் நின்று, பக்கத்து மரத்தில் அவரவர் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டார்கள். வளர்வதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று வாய்க்காலுக்குள் இறங்கி மத்தியானம் வரை நின்றார்கள். நின்ற இடத்திலிருந்தே அளந்து பார்த்தால், மூன்று பேரும் ஒரு சாண் குறைந்திருந்தார்கள்.

"தண்ணி கூடிப்போச்சு தலைவரே" என்றார் தவசிக்கனி கவலையோடு. "வேர் அழுகிட்டு."

மூவரும் பதறிக் கரையேறினார்கள். பட்டியலில் கிரெஸேரை அடித்தாயிற்று.

அடுத்து சுபீர். "ஏறுன்னா எதுல ஏற?" என்று அரைமணி நேரம் விவாதம். கடைசியில், கேள்வி இலையைப் பற்றியது என்பதால் முருங்கையில்தான் ஏற வேண்டும் என்று தீர்மானமாயிற்று. உறுப்பினர்கள் இருபத்தேழு பேரும் ஆளுக்கொரு மரம் ஏறினார்கள். முருங்கைக் கிளை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதையே நம்பிப் பிழைக்கிற அவர்களுக்குத் தெரியவில்லை. ஏறியவர்களில் ஒருவர்கூட இறங்கவில்லை, எல்லோரும் விழுந்தார்கள். மரங்கள் மொட்டையாகிவிட்டன.

கொம்பையாவோடு சேர்ந்து ஒரு காக்கைக்கூடும் விழுந்தது, அவர் மடியிலேயே.

"தலைவரே, அடுத்த சொல்லு தானா வந்துட்டு!" என்று கத்தினார் மாடக்கண்ணு. "கூடு! அவுமென்தார்!"

கூட்டுக்காரக் காக்கை பின்னாலேயே வந்து தலைவரின் உச்சந்தலையில் நாலு கொத்துக் கொத்தியது. அவுமென்தாரையும் அடித்தார்கள். ஆனாலும் சங்கத்து ஆவணம் என்பதால், கூட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

மிஞ்சியது பெருக்கு. முறிந்த கிளைகளும் இலையுமாகத் தோப்பு முழுக்கக் குப்பை. விளக்குமாறுகளை எடுத்தார்கள். எதுவரை பெருக்க வேண்டும் என்று ஜோதிராஜ் எழுதவில்லை. ஆகவே ஊர் எல்லை வரை பெருக்கி, அந்தப் பக்கம் தள்ளினார்கள். கீழமந்தத்துக்காரர்கள் சாக்கோடு வந்து நின்று, "இன்னும் அந்த மூலையில கெடக்கு அண்ணாச்சி" என்று உற்சாகப்படுத்தினார்கள்.

"வளரப் போயி அழுகுனோம். ஏறப் போயி விழுந்தோம். கூடு கொத்து வாங்கிக் குடுத்துச்சு. குறையில்லாம முடிஞ்சது பெருக்குனது ஒண்ணுதான்" என்றார் தவசிக்கனி.

'இங்கிரெமெந்தார்' என்று பதில் போயிற்று.

மார்த்தா அம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஜோதிராஜ் போனில் படித்துச் சொன்னார்: "ஆர்டர் உங்களுக்கே. அதற்கு முன், இந்த வருஷம் உங்கள் ஊரில் வளர்ந்ததில் கொஞ்சம் சாம்பிள் அனுப்பவும். இல்லாவிட்டால் கீழமந்தத்தில் வாங்கிக்கொள்கிறேன்."

தோப்பைப் பார்த்தார்கள். பச்சையாக ஒன்றும் இல்லை.

"இந்த வருசம் நம்ம ஊர்ல வளந்தது என்னவே?" என்று கேட்டார் கொம்பையா.

இருபத்தாறு பேரும் அவர் மூக்குக்குக் கீழே பார்த்தார்கள்.

"ஏய்! இது மீசைவே!"

"யோசிச்சுப் பாரும்" என்றார் தவசிக்கனி. "சாம்பிள் போகலன்னா ஆர்டர் கீழமந்தத்துக்குப் போயிரும். போனா, சொன்ன சொல்லுக்கு நீரு மீசைய எடுக்கணும். மீசையக் காப்பாத்தணும்னா எடுத்துத்தான் ஆகணும்."

கொம்பையா நெடுநேரம் யோசித்தார். "நியாயந்தான்" என்றார். நாவிதர் கத்தியை வைத்தபோது தேம்பித் தேம்பி அழுதார், பாவம். கேட்ட எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மீசை பொட்டலமாகி ஸ்பெயினுக்குப் போனது. இருபது நாளில் பதில் வந்தது: "இவ்வளவு கறுப்பு இலையை நான் பார்த்ததில்லை. எண்ணெய்ச் சத்தும் நன்று. ஆனால் அளவு போதாது. அவுமென்தார்!"

மாடக்கண்ணு பட்டியலை எடுத்து விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பீரோச் சாவியை எடுத்தார்.

மறுநாள் காலை, மேலுதட்டைத் துண்டால் மூடிக்கொண்டு, கொம்பையா தபால் ஆபீஸில் பார்சலோடு நின்றார்.

"உள்ள என்ன?" என்றார் தபால்காரர்.

"அவுமென்தார்."

"அனுப்புநர் பேரு எழுதலியே. யாரு அனுப்புதா?"

கொம்பையா பொய் பேசாத மனிதர். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்த காக்கையைக் கை காட்டினார்.

"அவுகதான்."