இறங்காதீங்க சார்!

செங்காடு மின்சார ரயில் நிலையத்தைப் பெருக்குகிற தேசம்மாவிடம் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினார். "பெரிய அதிகாரி சோதனைக்கு வர்றாரு. அவர் இறங்கும்போது பிளாட்பாரத்துல ஒரு துரும்பு கிடந்தாலும் உன் வேலை போயிடுமாம்."

தேசம்மா விடியற்காலையிலிருந்து பெருக்கினாள், துடைத்தாள். ஒன்பது மணிக்குப் பார்த்தால், அதிகாரியை வரவேற்க ஆறு பேர் கூடை கூடையாக ரோஜா இதழும் ஜிகினாத் தாளும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்! கொட்ட வேண்டாம் என்று அவர்களிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஐயாவே கேட்ட மரியாதைம்மா. கொட்டித்தான் ஆகணும்."

ரயில் வந்து நின்றது. பெட்டி வாசலில் அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். தேசம்மா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"இறங்காதீங்க சார்! இப்ப தரை சுத்தமா இருக்கு. நீங்க கால் வெச்சதும் இவங்க குப்பையைக் கொட்டிடுவாங்க."

"என் மேல போடற பூ குப்பையா?"

"உங்க மேல இருக்கிற வரைக்கும் பூ சார். கீழ விழுந்தா நான்தானே பெருக்கணும்?"

பெட்டியே சிரித்தது. அவர் துடைப்பத்தை விலக்கிவிட்டு இறங்குவதற்குள், அரை நிமிடமே நிற்கிற ரயில் அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

இறங்கவே இல்லை என்று அவரால் எழுத முடியுமா? மறுநாள் அறிக்கை வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார்:

"நேரில் இறங்கிப் பார்த்தேன். ஒரு துரும்புகூட இல்லை."