முள் இல்லாத கடிகாரம்

"அம்மா! எட்டாவது வகை கிடைச்சிடுச்சு!"

நல்லசிவம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். வயது அறுபத்து மூன்று. பதினோரு வருடமாக ஊர் ஊராக அலைந்து, சூரியக் கடிகாரங்களை வகை பிரித்து எழுதுகிறவர். அவருடைய குரு சூடாமணிக்கு நாற்பதுதான் ஆகிறது. ஆனால் அந்த அம்மா தலையசைக்காமல் எந்தக் கடிகாரமும் அவர்களுடைய சூரியக் கடிகாரச் சங்கத்துப் பட்டியலில் ஏறாது.

புது வகைக்குக் கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பார்கள். இதைக் கண்ணில் கண்டதிலிருந்து மூன்று நாளாக நல்லசிவத்துக்குத் தூக்கமே இல்லை.

"தரையில படுத்தது, சுவர்ல நிக்கிறது, சாஞ்சது, கிண்ணமாட்டம் குழிஞ்சது... ஏழு வகைக்கும் முள் உண்டு. அதோட நிழல்தானே மணி காட்டும்! இதுல முள்ளே இல்லை. நட்ட குழிகூட இல்லை."

"மணி காட்டுதா?"

"காட்டலை. அதானே அதிசயம்!"

"வாங்க, பார்ப்போம்."

பாழடைந்த சத்திரத்து முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. கல் தரையில் நீள்வட்டமாக எண்கள். குறுக்கே ஒரு பட்டைக் கல், அதில் பன்னிரண்டு மாதங்களின் பெயர்கள். நோட்டைத் தூணோரம் வைத்துவிட்டு, நல்லசிவம் வழக்கம்போல் எட்டி நின்றார்.

"ஏன் அங்கேயே நின்னுட்டீங்க?"

"என் நிழல் விழுந்தா கடிகாரம் கெட்டுப்போகும்மா. பதினோரு வருஷத்துல ஒண்ணு மேலயும் விழ விட்டதில்லை."

சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இது என்ன மாசம்?"

"மாசி."

"மாசியில போய் நில்லுங்க."

"மிதிக்கவா? அம்மா!"

"நில்லுங்க ஐயா."

செருப்பைக் கழற்றிவிட்டு, கூசிக் கூசிக் கால் வைத்தார். நிழல் நீண்டு ஒன்பதில் போய் விழுந்தது.

கைக்கடிகாரத்தில் ஒன்பதரை. இந்த ஊரில் இந்த மாதம் சூரிய மணி கைக்கடிகாரத்துக்கு அரைமணி பிந்தும்; அதை மனசுக்குள் கழித்தார். மறுபடியும் கழித்தார். சரியாக ஒன்பது.

"அம்மா! ஓடுது! ஓடுதும்மா!"

"ஓடுது."

"அப்போ... உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா? புது வகை இல்லையா?"

"பழசுதான். வேற ஊர்கள்ல இருக்கு. நம்ம பட்டியல்லதான் இல்லை."

பெயர் போயிற்று. ஆனாலும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இருங்க, நோட்டை எடுத்துட்டு வந்துடறேன். உடனே எழுதணும்!"

ஒரு காலைத் தூக்கினார்.

"இறங்காதீங்க ஐயா," என்றார் சூடாமணி. "கடிகாரம் நின்னுடும்."