மோர்க்கார நாச்சியும் ராஜாவின் தேன்சிட்டுகளும்

பல தலைமுறைகளுக்கு முன்னால் செங்கழனி என்ற நாட்டை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று நினைப்பான், மாலையில் வேறொன்று நினைப்பான். ஆனால் சபையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன வார்த்தையை மட்டும் மீறவே விடமாட்டான்.

அவனுடைய அரண்மனைத் தோட்டத்துக்கு அதிகாரி நல்லதம்பிராயர். செடிகளையெல்லாம் யானையாகவும் குதிரையாகவும் கத்தரித்து வைத்திருந்தார். மொட்டு விட்டால் உருவம் கெடும் என்று கிள்ளிப் போடுவார். ஒரு சருகு கிடக்கக்கூடாது, ஒரு சிலந்தி வலை இருக்கக்கூடாது. புழு தென்பட்டால் உடனே புகை போடச் சொல்வார்.

ஒருநாள் காலையில் ராஜா உப்பரிகையில் வந்து நின்றான். தோட்டம் சத்தமே இல்லாமல் கிடந்தது. வழக்கமாக வரும் தேன்சிட்டு ஒன்றைக்கூடக் காணோம். பறவைகளெல்லாம் எங்கே என்று நல்லதம்பிராயரைக் கேட்டான். பழி தம் தலையில் விழுமோ என்று ராயருக்குப் பயம். மோர் விற்கும் நாச்சியின் கொல்லையை ஊரே மெச்சுவதில் அவருக்கு ஏற்கெனவே எரிச்சல் வேறு. அவள்தான் கண்ட செடியையும் நட்டு, மகாராஜாவின் பறவைகளை மயக்கித் திருடிக்கொண்டாள் என்று சொல்லிவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. நாச்சியைச் சபைக்கு வரவழைத்தான். குற்றம் உண்மையானால் வீடும் கொல்லையும் பறிமுதல் என்றான்.

நாச்சி பதினெட்டு வருஷம் மோர்ப்பானை சுமந்து உண்டாக்கிய கொல்லை அது. ஆனாலும் தலையைக் குனியாமல் நின்றாள்.

"பறவைகள் உன்னிடம் இருக்கின்றனவா?" என்று ராஜா கேட்டான்.

"இருக்கின்றன மகாராஜா. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அவற்றின் சொத்தும் என் கொல்லையில்தான் இருக்கிறது. அதையும் ராயர் ஏற்றுக்கொள்ள வேண்டும்."

ராயர் சிரித்தார். "குருவிக்கு அப்படி என்ன பெரிய சொத்து? ஒரு துரும்பு விடாமல் ஏற்றுக்கொள்கிறேன். எதையும் தூக்கி எறியமாட்டேன். போதுமா?"

"உமது வார்த்தையைச் சபை கேட்டது" என்றான் ராஜா. பறவைகள் திரும்ப மூன்று மாதம் தவணை கொடுத்தான்.

மறுநாள் அரண்மனை வாசலில் வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியில் மக்கிய சருகு. ராயர் மூக்கைப் பொத்திக்கொண்டார். தவிட்டுக்குருவிகள் கிளறிப் பூச்சி பொறுக்கும் இடம் இதுதான் என்று சொல்லி, நாச்சி அதை மரத்தடியில் கொட்டினாள். அடுத்து, இலையெல்லாம் புழு மேய்ந்த எலுமிச்சைச் செடி. அந்தப் புழுதான் தையல்சிட்டுக் குஞ்சுகளின் சோறு என்றாள். சிலந்தி வலையோடு வந்த முள்செடியை, அந்த வலைதான் தேன்சிட்டு கூடு பின்னும் நூல் என்று சொல்லி ஓரமாக நட்டாள். வாயகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்தாள். மொட்டுகளும் பறவைகளுடையவை, இனிக் கிள்ளக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சபையில் கொடுத்த வார்த்தையாயிற்றே.

மழை பெய்தது. யானையாக வெட்டியிருந்த செம்பருத்தி கிளைவிட்டுக் காடாகிப் பூத்தது. புழுக்களில் தப்பியவை பட்டாம்பூச்சியாகப் பறந்தன. மூன்றாம் மாதம் ஒரு விடியலில், தேன்சிட்டுகளின் சத்தத்தில் ராஜா கண்விழித்தான்.

அன்று சபையில் ராயர் முந்திக்கொண்டு, தம் பராமரிப்பில் தோட்டம் செழித்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ராஜா கையமர்த்தினான். அந்தத் தோட்டத்தில் எது உமது வேலை என்று ஒரே கேள்விதான் கேட்டான். ராயர் பின்வாங்கித் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். இனி நாச்சி சொல்கிறபடிதான் தோட்டத்தில் கத்தரி படவேண்டும் என்று உத்தரவு போட்டான் ராஜா.

பிறகு நாச்சியிடம், "எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாய். உன் கொல்லை வெறிச்சென்று ஆகிவிட்டதா?" என்று கேட்டான்.

"நான் கொடுத்தது பறவைகளின் வீட்டைத்தான் மகாராஜா. அவை தாமாக வந்தன. என் கொல்லையிலும் ஒன்றும் குறையவில்லை. வந்து பார்க்கலாம்."

"அவை என்னுடையவையாக இருந்திருந்தால் என்னை விட்டுப் போயிருக்கமாட்டா. நீ திருடவில்லை" என்று சொல்லிவிட்டு, ராஜா ராயரையும் ஒரு காவலனையும் கூட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினான்.

நாச்சியின் கொல்லைப் படல் வாசலுக்குக் குறுக்கே ஒரு மாதுளைக் கிளை தாழ்ந்து கிடந்தது. காவலன் அதை வெட்ட வாளை உருவினான். நாச்சி முன்னால் போய் நின்றாள்.

"அதில் கூடு தொங்குகிறது. உள்ளே இரண்டு குஞ்சு. மகாராஜா குனிந்து வரட்டும்."

ராஜா அந்தக் கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கிரீடத்தைக் கழற்றி ராயர் கையில் கொடுத்தான். நாச்சி நிமிர்ந்து நின்று "வாங்க" என்றாள். செங்கழனியின் ராஜா குனிந்து உள்ளே போனான்.