பச்சைப் புல்லைக் காப்பாற்றிய காட்டெருமை

காட்டெருமை, குரங்கு, புள்ளிமான் மூன்றும் சேர்ந்து ஓடைக்கரையில் புல் அறுத்தன. கோடையில் அந்தக் காட்டில் ஒரு பச்சை இலைகூட மிஞ்சாது. அதனால் தை மாதத்திலேயே புல்லை உலர்த்திக் குகையில் அடுக்கி வைப்பது வழக்கம். மான் நிறைசூலி. அந்தப் புல் இருந்தால்தான் பிறக்கப்போகும் குட்டிக்குப் பால் சுரக்கும்.

முன்பே அறுத்த புல் நன்றாகக் காய்ந்து, நிறம் மங்கிக் கிடந்தது. அன்று காலை அறுத்தது பக்கத்திலேயே பச்சைப்பசேலென்று கிடந்தது. மதியம் திடீரென்று மேற்கே மேகம் கறுத்தது. இரண்டில் ஒன்றை எடுத்து வைக்கத்தான் நேரம் இருந்தது.

"எதை எடுக்கலாம், தலைவரே?" என்று குரங்கு கேட்டது.

காட்டெருமைதான் அங்கே தலைவர். கொம்பு பெரிதாக இருந்ததால் வேறு தகுதியை யாரும் கேட்கவில்லை.

"காய்ஞ்சதை எடுங்க!" என்று மான் பதறியது. "பச்சை நனைஞ்சா மறுபடி காய வெச்சுக்கலாம்."

"கேட்டியாப்பா! வாடி வதங்கினதைக் காப்பாத்திட்டு, புதுசை மழையில விடணுமாம்!" என்று சிரித்தது காட்டெருமை. "பச்சையைத் தூக்கு!"

"தலைவருக்கு என்ன ரசனை!" என்றது குரங்கு.

"ஈரத்தோட அடுக்கினா உள்ளேயே புழுங்கி அழுகிடும்ங்க!"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!" என்றது காட்டெருமை.

மான் காய்ந்த புல்லில் ஒரு வாய் கவ்வி இழுத்தது. "தனியா எதுவும் செய்யாதே! ஒற்றுமை முக்கியம்!" என்று காட்டெருமை அதட்டியது. பாவம், மான் அதையும் கீழே போட்டுவிட்டது.

மழை நாள்கணக்கில் கொட்டியது. வெளியே காய்ந்த புல் கறுத்து, ஓடையோடு போயிற்று. குகைக்குள் குரங்கு பச்சைப் புல்லை மிதித்து மிதித்து இறுக்கியது. பிறகு அதைத் தொட்டுப் பார்த்துத் துள்ளியது.

"தலைவரே, புல்லு கதகதன்னு இருக்கு! உங்க கைராசி!"

"பிரிச்சுப் போடுங்க, கெட்டுப்போகுது!" என்று மான் கெஞ்சியது.

"இந்தக் குளிருக்கு இதமா இருக்கு. கலைக்காதே!" என்று சொல்லி, காட்டெருமை அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

மழை விட்டதும் மூன்றும் புல்போரைப் பிரித்தன. மேலே வெள்ளையாகப் பூஞ்சணம், உள்ளே கறுப்பாகக் கூழ். குரங்கு மூக்கைப் பொத்திக்கொண்டது.

"எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மழையால வந்தது!" என்று காட்டெருமை கர்ஜித்தது.

"இது மேல ஒரு சொட்டுகூட விழலையே, தலைவரே!" என்றது மான்.

தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அறுப்பதற்குக் கரையில் வேறு புல் இல்லை. மான் கனத்த வயிற்றோடு ஓடையைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குப் போனது. அங்கே புல் இருந்தது, புலியும் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மானை யாரும் பார்க்கவில்லை.

கண்ணுக்கு அழகானதைக் காப்பாற்றப் போய், காக்க வேண்டியதைக் கைவிட்டால் இரண்டுமே மிஞ்சாது.