சாணி புதைக்க ஆளில்லாத மழைக்காலம்

கருமந்திக்கு இந்தக் கதை மேல் பல வருஷமாகச் சந்தேகம். சொன்னது உருட்டு வண்டு. கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் வேறு செய்யும். ‘மிளகளவுப் பூச்சிகள் இல்லாமல் போனதற்காகக் கொம்பு வைத்த கூட்டம் மலையை விட்டு ஓடுமா?’ என்று மந்தி தனக்குள் கேட்டுக்கொள்ளும். ஆனாலும் கதையைக் கேட்கும்போதெல்லாம் அதற்கு மயிர் சிலிர்க்கும்.

கதை இதுதான்.

மலை உச்சியில், சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளியில் காட்டுமாடுகள் மேய்ந்தன. அவை போட்ட சாணியில் எத்தனை வகை வண்டுகள்! சாணியைப் பந்தாக்கி வெயிலில் தள்ளிப்போகும் உருட்டு வண்டு. அடியிலேயே குழி தோண்டிப் புதைக்கும் துளை வண்டு. உள்ளேயே குடியிருந்து தின்று தீர்க்கும் மிளகு வண்டு.

கூட்டத்தின் தலைவி கொம்பிக்கு எரிச்சல்.

“ஒரு வேலைக்கு இத்தனை பேரா? மூஞ்சியில் வந்து வந்து மோதுகிறதுகள்! உருட்டு வண்டு ஒருத்தன் போதும். பார்க்கவும் லட்சணமாக இருக்கிறான்!”

“அம்மா, மழை வந்தால்...” என்று இழுத்தது துளை வண்டு.

“மழை வந்தால் நீ நனைவாய். எனக்கென்ன! கன்றுகளா, சாணியை மிதித்து நசுக்குங்கள்!”

கன்றுகளுக்கு அது விளையாட்டு. ஏழே நாளில் சாணிக்குள் அசைவே இல்லை. உருட்டு வண்டு மட்டும் பந்தைத் தள்ளிக்கொண்டு போனது.

ஆனி பிறந்தது. மழை பிடித்தது. பந்து சேற்றில் கரைந்தது. உருட்டு வண்டு மண்ணுக்குள் பதுங்கியது. போட்ட சாணி போட்ட இடத்திலேயே ஊறிக் கிடந்தது.

முதலில் ஒரு மெல்லிய ரீங்காரம். பிறகு, மூடுபனிக்குள் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியாத இரைச்சல். ஈ! புல் தெரியாத அளவுக்கு ஈ!

கொம்பியின் கன்றுக்குக் காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. விடிந்து பார்த்தால் அதில் புழு.

“அம்மா, உள்ளே என்னவோ ஊர்கிறது!” என்று கன்று அலறியது.

கொம்பி நக்கியது. நக்க நக்க ஈ மொய்த்தது. மூன்றாம் நாள் கன்று எழவில்லை.

“துளை வண்டே! மிளகு வண்டே! வந்துவிடுங்கள்!” என்று கொம்பி கத்தியது. இரைச்சல்தான் பதில். கூட்டம் மலையிறங்கி ஓடியது.

“ஆகவே, எவ்வளவு சிறியவரானாலும் வேண்டாதவர் என்று விரட்டாதே, அவர் செய்துவந்த வேலை என்னவென்று அவர் போன பிறகுதான் தெரியும்” என்று உருட்டு வண்டு கதையை முடிக்கும்.

இந்த ஆனியில் கருமந்தி அந்தப் புல்வெளிக்கே போய்ப் பார்த்தது. புல்லுக்கு நடுவே ஒரு சின்ன மண்டையோடு கிடந்தது. அதில் கொம்புகூட முளைத்திருக்கவில்லை. பழைய சந்தேகம் போய்விட்டது. அதைவிட மோசமான வேறொன்று வந்திருந்தது.

அது நேரே உருட்டு வண்டிடம் போனது.

“கதை நிஜம்தான் அண்ணே. ஒன்று மட்டும் சொல்லு. மழையில் உன் பந்து கரையும் என்று உனக்குத் தெரியும். கொம்பி உன் பேச்சைத்தான் கேட்பாள். மற்ற வண்டுகளைக் கன்றுகள் மிதித்த அந்த ஏழு நாளும் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?”